கறையானும் நாவற்பழமும்: அனைத்துண்ணிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

நகரத் தெருக்களில் மாடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்பதைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் அரிது. ஓட்டல் குப்பையில் கிடக்கும் சோற்றோடு சேர்ந்து வரும் முட்டைத் துண்டையும், சில வேளைகளில் பிளாஸ்டிக் பையையும்கூட அது விழுங்கிவிடுகிறது. இருந்தும் மாட்டை அனைத்துண்ணி என்று விலங்கியல் ஏற்றுக்கொள்வதில்லை. வாய்க்குள் என்னென்ன போகிறது என்று பார்த்து இந்தப் பெயர் சூட்டப்படுவதில்லை. போனவற்றில் எதைச் செரித்து, எதன் பலத்தில் அந்த விலங்கு நாளைக் கடத்துகிறது என்று பார்த்தே சூட்டப்படுகிறது. சுவரொட்டியின் காகிதம் மரக்கூழிலிருந்து வந்த செல்லுலோஸ். வைக்கோலில் இருப்பதும் அதுவே. ஆகவே காகிதத்தைத் தின்னும்போதும் மாடு தாவர உண்ணியாகவே நடந்துகொள்கிறது என்பது கொஞ்சம் வேடிக்கையான உண்மை.

தாவரப் பொருள்களையும் விலங்குப் பொருள்களையும் இயல்பாகவும் தொடர்ச்சியாகவும் உண்டு, இரண்டிலிருந்தும் ஆற்றலும் சத்தும் பெறக்கூடிய உடலமைப்பைக் கொண்ட விலங்கே அனைத்துண்ணி. காகம், மைனா, நாட்டுக்கோழி, எலி, பன்றி, நாட்டுக் குரங்கு, கரடி, கரப்பான்பூச்சி, குளங்களில் பெருகிக் கிடக்கும் ஜிலேபி மீன் ஆகியவை நமக்குப் பழக்கமான எடுத்துக்காட்டுகள். மனிதரும் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். இந்த வரையறையில் 'இயல்பாகவும் தொடர்ச்சியாகவும்' என்ற சொற்களை லேசாகக் கடந்து போகக் கூடாது. புள்ளிமான் உதிர்ந்து கிடக்கும் கொம்பைக் கடித்து மெல்வதுண்டு. பாஸ்பரஸ் குறைந்த மேய்ச்சல் நிலத்தில் மாடு பழைய எலும்பைச் சப்புவதுண்டு. பூனை அவ்வப்போது புல்லைக் கடிப்பதுண்டு. தாது உப்புக் குறைவு போன்ற ஏதோ ஒரு தேவைக்காக எப்போதாவது நிகழும் இச்செயல்கள் மானையோ மாட்டையோ பூனையையோ அனைத்துண்ணி ஆக்கிவிடுவதில்லை.

எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். வளர்ந்த சிட்டுக்குருவி பெரும்பாலும் தானியத்தில் வாழ்கிறது. ஆனால் தன் குஞ்சுகளுக்குப் புழுக்களையும் பூச்சிகளையும் தேடித் தேடி ஊட்டுகிறது, ஏனெனில் சில நாள்களில் சிறகு முளைத்தாக வேண்டிய குஞ்சுக்குத் தானியத்தின் புரதம் போதாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இருவாட்சி முக்கியமாக அத்தி வகைப் பழங்களை நம்பி வாழ்ந்தாலும், கூட்டில் குஞ்சு இருக்கும்போது ஓணான் போன்ற சிறு விலங்குகளையும் கொண்டு வருகிறது. தவளையின் தலைப்பிரட்டை பாசியை அரித்துத் தின்றுவிட்டு, வளர்ந்த பிறகு பூச்சி பிடிக்கிறது. வயது, பருவம், இடம் மூன்றும் மாறும்போது உணவும் மாறுகிறது என்பதால், தாவர உண்ணி, ஊனுண்ணி, அனைத்துண்ணி என்ற மூன்று பிரிவுகளையும் நம் வசதிக்காகப் போட்டுக்கொண்ட பிரிவுகள் என்று கொள்வதே நல்லது.

தொடக்க நிலையில் படிப்பவர்களைத் தடுமாறச் செய்யும் இன்னொன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நாய், பூனை, கீரி, மரநாய், கரடி ஆகிய அனைத்தையும் விலங்கியலாளர்கள் 'கார்னிவோரா' என்னும் ஒரே வரிசையில் வைக்கிறார்கள். ஊனுண்ணிகள் என்பதே அதன் பொருள். அது ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான். ஒரே மூதாதை வழியில் வந்தவை என்பதை அது சொல்கிறது. இன்று என்ன உண்கின்றன என்பதைச் சொல்வதில்லை. சீனாவின் பாண்டாக் கரடியின் உணவில் ஏறத்தாழ 99 விழுக்காடு மூங்கில்தான், ஆனாலும் அதற்குக் கார்னிவோரா வரிசையிலிருந்து விலக்கு கிடைக்கவில்லை. மூதாதையரிடமிருந்து பெற்ற குடலும் மாறவில்லை. தின்ற மூங்கிலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செரிக்க முடிவதால், அது விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பதிலேயே கழிக்கிறது.

அனைத்துண்ணி வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க, இந்தியா, இலங்கை, நேபாளக் காடுகளில் வாழும் நம் கரடியைக் காட்டிலும் பொருத்தமான விலங்கு எனக்குத் தெரியவில்லை. தேன்கரடி என்றும் சொல்லப்படும் இதன் அறிவியல் பெயர் மெலுர்சஸ் அர்சினஸ். நீண்ட கறுத்த உரோமமும், மார்பில் வெளிறிய வளைவுக் குறியும், மண்ணைத் தோண்ட ஏற்ற நீண்டு வளைந்த நகங்களும் கொண்டது. மற்ற கரடிகளுக்கு மேல்தாடையின் முன்புறம் ஆறு வெட்டுப்பற்கள் உண்டு. இதற்கு நடுவிலுள்ள இரண்டும் இல்லை. அந்த இடைவெளிதான் இதன் பிழைப்பு. புற்றை நகத்தால் பிளந்து, ஊதி மண்ணை அப்புறப்படுத்தி, நீளும் உதடுகளைக் குழல்போல் குவித்து, பல்லில்லாத அந்தச் சந்தின் வழியே கறையான்களை உறிஞ்சி இழுக்கிறது. தூசியும் பூச்சியும் ஏறாதபடி மூக்குத் துளைகளைத் தானே மூடிக்கொள்ளவும் அதற்கு முடியும். உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

இத்தனையும் படித்த ஒருவர் இதைக் கறையான் தின்னி என்று எழுதி வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் நாவலும் இலந்தையும் ஆலும் அத்தியும் பழுக்கும் மாதங்களில் இதே விலங்கின் நடமாட்டம் பழமரங்களைச் சுற்றியே இருக்கிறது. கொன்றையின் நீண்ட காய்களைக்கூட அது விடுவதில்லை. இலுப்பைப் பூ உதிரும் காலத்தில் பூவைப் பொறுக்கித் தின்கிறது. இலங்கையின் யாலக் காட்டில் கோடையில் பாலைப்பழம் பழுக்கும்போது கரடிகள் பகலிலேயே மரமேறி உட்கார்ந்திருப்பதைக் காண்பதற்கென்றே பயணிகள் செல்கிறார்கள். பழம் ஓய்ந்ததும் கரடி புற்றுக்குத் திரும்புகிறது. கறையான் ஆண்டு முழுவதும் கிடைக்கும், ஆனால் தோண்டி எடுக்க வேண்டும். பழம் சில வாரங்களே கிடைக்கும், ஆனால் குனிந்தால் போதும். இரண்டையும் தின்ன முடிகிற விலங்கு, எளிதாகக் கிடைப்பதைக் கிடைக்கும்போது தின்றுவிட்டு, கடினமானதைப் பஞ்ச காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பருவமழையை நம்பிப் பூக்கும், காய்க்கும் காடுகளில் இது பெரிய வசதி.

இத்தகைய விவரங்கள் பெரும்பாலும் கரடியின் எச்சத்தை அலசிப் பெறப்பட்டவை. கறையானின் கடினமான தலையும் பழத்தின் கொட்டையும் செரிக்காமல் வெளியே வருவதால் அவற்றை எண்ணிவிடலாம். தேனோ, மென்மையான சதையோ அப்படித் தடயம் விட்டுச் செல்வதில்லை. ஆகவே எச்சத்தை மட்டும் வைத்துப் போடும் கணக்கு ஒருபுறம் சாய்ந்துதான் இருக்கும். இதைச் சரிக்கட்ட ஆய்வாளர்கள் உரோமத்திலும் எலும்பிலும் உள்ள நைட்ரஜனின் கனமான வகையை அளக்கிறார்கள். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி மேலே ஏறும்போதும் உடலில் அதன் பங்கு சற்றுக் கூடுவதால், ஒரு விலங்கு தாவரத்தை அதிகம் நம்பியதா, ஊனை அதிகம் நம்பியதா என்று தோராயமாகச் சொல்லிவிட முடிகிறது.

இனி பற்கள். ஊனுண்ணியின் கடைவாய்ப்பற்கள் கத்திரிக்கோலின் அலகுகளைப் போல ஒன்றையொன்று உரசி இறைச்சியை வெட்டுகின்றன. மாட்டின் கடைவாய்ப்பற்கள் வரிவரியான மேடுகளோடு புல்லை அரைக்கின்றன. பன்றி, கரடி, மனிதர் ஆகியோரின் கடைவாய்ப்பற்களில் கூர்மையும் இல்லை, வரிகளும் இல்லை. உருண்டையான, தாழ்ந்த குமிழ்களே இருக்கின்றன. கிழங்கு, கொட்டை, பூச்சி, சதை எதுவானாலும் நசுக்கிக் கூழாக்க இவை போதும். எதிலும் முதலிடம் பெறாத, எதிலும் தோற்றுவிடாத பல் இது.

நெருங்கிய உறவில்லாத விலங்குகள் ஒரே வகை உணவால் ஒரே வகைப் பல்லைப் பெற்றிருப்பது அறிஞர்களையே ஏமாற்றியிருக்கிறது. 1917ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹெரால்ட் குக் என்பவருக்குத் தேய்ந்துபோன கடைவாய்ப்பல் ஒன்று கிடைத்தது. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் 1922இல் அதை மனிதனுக்கு நெருங்கிய ஒரு வாலில்லாக் குரங்கினத்தின் பல் என்று அறிவித்து, புதிய அறிவியல் பெயரும் சூட்டினார். லண்டன் இதழ் ஒன்று அந்த ஒற்றைப் பல்லை ஆதாரமாக வைத்துத் தம்பதியரின் படத்தையே வரைந்து வெளியிட்டது. அதே இடத்தில் மேலும் தோண்டியபோது உண்மை வெளிவந்தது: அது பெக்காரி எனப்படும், பன்றிக்கு உறவான விலங்கின் பல். 1927இல் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. நம் கரடிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1791இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா, அதன் நீண்ட நகங்களையும் விசித்திரமான பல்வரிசையையும் கண்டு, அதைத் தென்னமெரிக்காவின் மரந்தொங்கும் அசமந்த விலங்கான ஸ்லாத்தின் இனத்தில் சேர்த்துவிட்டார். பிற்பாடு கரடியென்று தெரிந்த பிறகும் ஆங்கிலத்தில் 'ஸ்லாத் பேர்' என்று அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

குடலின் நீளத்திலும் இதே சமரசத்தைக் காணலாம். ஊன் எளிதில் செரிக்கும்; பூனையின் குடல் அதன் உடலைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு நீளமே. புல்லைச் செரிப்பது நெடும்பணி. மாட்டின் குடல் ஏறத்தாழ 20 மடங்கு, அதற்கு முன்னால் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் நான்கு அறைகள் கொண்ட இரைப்பையும் வேண்டும். பன்றியின் குடல் ஏறத்தாழ 14 மடங்கு. பெருங்குடலின் தொடக்கத்தில் நார்ச்சத்தை நொதிக்க வைக்கும் பை கரடிகளுக்குக் கிடையாது. ஆகவே பழம், பூ, கிழங்கு என எளிதில் கரையும் பகுதிகளைத் தின்கிறதே தவிர, நம் கரடி முற்றிய இலையை மேய்வதில்லை. தாவரம் தின்னும் என்றால் எல்லாத் தாவரப் பகுதிகளையும் தின்னும் என்று பொருளாகாது. 'அனைத்து' என்ற சொல் இங்கே கொஞ்சம் மிகையாகத்தான் நிற்கிறது.

நுண்ணிய மட்டத்தில், மரபணுக்களிலும் இந்த வேறுபாடு பதிந்திருக்கிறது. இனிப்பை உணரும் மரபணுக்களில் ஒன்று பூனைக் குடும்பத்தில் செயலிழந்திருப்பதை 2005இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பாயசம் பூனைக்குப் பால் மட்டுமே. தாரின் என்ற சத்தையும், உடனே பயன்படும் வடிவில் வைட்டமின் ஏ-யையும் அது இறைச்சியிலிருந்தே பெற்றாக வேண்டும். நாயின் கதை வேறு. ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய நொதிக்கான மரபணு இரண்டு படிகளே இருக்க, பெரும்பாலான நாய்களில் அது பல மடங்காகப் பெருகியிருப்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. உழவர்களின் வீட்டு வாசலில் மிச்சம் மீதியைத் தின்றே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததன் தடம் அது. நம் தெருநாய் மோர்ச்சோற்றில் வாழ்ந்துவிடுவதும், வீட்டுப் பூனை மீன் தலைக்குக் காத்திருப்பதும் வெறும் பழக்க வேறுபாடு அல்ல.

மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது, ஏனெனில் அனைத்துண்ணி பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் விவாதம் அங்கேதான் போய் நிற்கிறது. பல், குடல், எச்சிலிலேயே மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கும் நொதி என எல்லாம் சேர்ந்து நம் உடல் கலப்பு உணவுக்கான உடல் என்பதையே காட்டுகின்றன. வைட்டமின் சி நம் உடலில் உருவாவதில்லை, அதைக் காய்கனிகள் தருகின்றன. வைட்டமின் பி12ஐத் தாவரங்கள் உருவாக்குவதில்லை, அது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்து கிடைக்கிறது. ஆனால் எதையும் உண்ண முடியும் என்பது எதையும் உண்டாக வேண்டும் என்ற கட்டளை அல்ல. பால் சேர்க்கும் சைவ உணவிலும் பி12 உண்டு. பாலையும் விட்டவர்கள் அதை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். தட்டில் எது இருக்க வேண்டும் என்பதை விலங்கியல் முடிவு செய்வதில்லை.

அனைத்துண்ணி கிடைத்ததையெல்லாம் வாரித் தின்னும் என்ற எண்ணம் தவறென்பதற்கு வலுவான சான்று அலாஸ்காவின் கோடியாக் தீவிலிருந்து வந்தது. அங்குள்ள பழுப்புக் கரடிகள் கோடையில் ஓடைகளில் ஏறிவரும் சால்மன் மீனைப் பிடித்துக் கொழுக்கின்றன. மீன் காலம் முடியும் தறுவாயில்தான் எல்டர்பெரி என்ற சிவந்த சிறு பழம் பழுக்கும். கடும் வெப்பம் நிலவிய 2014இல் பழம் முன்கூட்டியே பழுத்து, மீனும் பழமும் ஒரே நேரத்தில் கிடைத்தன. அப்போது கரடிகள் மீன் துள்ளும் ஓடைகளை விட்டுவிட்டு மலைச்சரிவுகளுக்குப் போய்விட்டன என்று 2017இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பழத்தின் சுவையில் மயங்கி அவை இவ்வாறு செய்யவில்லை. வளர்ப்பிடக் கரடிகளுக்கு விருப்பப்படி உண்ணக் கொடுத்துப் பார்த்தபோது, பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 17 விழுக்காடு மட்டும் புரதமாக இருக்கும்படி அவை உணவைக் கலந்துகொண்டன. அந்த விகிதத்தில்தான் உடல் எடை வேகமாக ஏறியது. சால்மனில் புரதம் மிதமிஞ்சி இருக்கிறது, பெரும்பாலான பழங்களில் மிகக் குறைவு; எல்டர்பெரியோ அந்த அளவுக்கு அருகில் இருக்கிறது. நம் கரடியிடம் அமெரிக்க உயிரியல் பூங்காக்களில் இதேபோன்ற சோதனை நடந்தபோது, அது ஆப்பிளை ஒதுக்கிவிட்டுக் கொழுப்பு மிகுந்த அவகாடோவையே பெரிதும் நாடியது. கறையானிலும் கொழுப்பு மிகுதி என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. கரடி என்று பொதுவாகச் சொல்லி ஒரே தீவனம் போடுவது எவ்வளவு பிழை என்பதையும் இது காட்டுகிறது.

தேர்ந்தெடுக்கும் உரிமையோடு ஆபத்தும் வருகிறது. மூங்கில் மட்டும் தின்னும் பாண்டாவுக்கு இன்று எது உணவு என்ற கேள்வியே எழுவதில்லை. எலிக்கோ புதிதாக எதிர்ப்படும் ஒவ்வொரு பொருளும் உணவாகவும் இருக்கலாம், நஞ்சாகவும் இருக்கலாம். உண்டாக வேண்டும், ஆனால் அஞ்சவும் வேண்டும் என்ற இந்த இக்கட்டை உளவியலாளர் பால் ரோசின் 1976இல் விரிவாக எழுதினார். எலிக்கு வாந்தி எடுக்க இயலாது என்பதால் அதன் நிலை இன்னும் கடினம். விழுங்கியதை வெளியே தள்ள வழியில்லை. ஆகவே அது புதுப் பொருளை முதலில் ஒதுக்கும், பிறகு சிறிதளவு கொறித்துவிட்டுக் காத்திருக்கும். உடல் நலிந்தால் அந்தச் சுவையை மறுபடி தொடாது. 1950களில் ஜான் கார்சியா என்ற உளவியலாளர், இனிப்பு நீர் குடித்த எலிகளைக் கதிர்வீச்சால் நோயுறச் செய்து பார்த்தார். பிறகு அவை இனிப்பு நீரை வெறுத்தன. போதாக்குறைக்கு, பிற எலிகளின் மூச்சில் வரும் மணத்தை முகர்ந்தே எந்த உணவு பாதுகாப்பானது என்றும் ஓர் எலி கற்றுக்கொள்கிறது.

நெல் வயலில் எலி மருந்து வைப்பவர்களுக்கு இது அனுபவப் பாடம். துத்தநாக பாஸ்பைடைப் பொரியிலோ அரிசியிலோ கலந்து முதல் நாளே வைத்தால், கொறித்துப் பிழைத்த எலிகள் பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை. அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள்கள் நஞ்சு கலக்காத பொரியை மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகே மருந்து கலக்க வேண்டும் என்று வேளாண் துறையினர் சொல்கிறார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் வகை மருந்துகள் 1950களிலிருந்து பரவலானதற்கும் இதுவே காரணம்: அவை சில நாள்கள் கழித்தே வேலை செய்வதால், தன் நோய்க்கும் தின்ற உணவுக்கும் எலியால் முடிச்சுப் போட முடிவதில்லை.

புதிய உணவைச் சோதித்து ஏற்றுக்கொள்ளத் தெரிந்த விலங்கு புதிய நாட்டிலும் பிழைத்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் நம் ஊர் மைனா, கறுப்பெலி, பன்றி மூன்றும் இடம்பெற்றிருக்கின்றன, மூன்றும் அனைத்துண்ணிகள். தோட்டப் பூச்சிகளை ஒழிக்கும் என்று நம்பி 1860களில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்குக் கொண்டுபோகப்பட்ட மைனா, பூச்சியோடு நிற்காமல் பழத்தையும் குப்பையையும் தின்று பெருகியது. காட்டில் இதே குணம் நன்மையாகவும் அமைகிறது: கரடியும் மரநாயும் பழத்தைத் தின்று, நெடுந்தூரம் நடந்து, வேறிடத்தில் எச்சமிட்டுக் கொன்றை, நாவல் போன்ற மரங்களின் விதைகளைப் பரப்புகின்றன. ஒரு விலங்கு பலவற்றைத் தின்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை; அது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கேட்க வேண்டும்.

ஆப்பிரிக்கக் கடற்கரையில் நம் வீட்டுக் காகத்தின் கதையும் அப்படிப்பட்டதே. குப்பையை ஒழிக்க உதவும் என்று 1890களில் சான்சிபார் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட காகங்கள், பின்னர் கப்பல்களில் ஏறிச் சென்றவையும் சேர, கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களெங்கும் பரவின. உள்ளூர்ப் பறவைகளின் முட்டையும் குஞ்சும், வயல் தானியமும், ஓட்டல் மேசை உணவும் அவற்றுக்கு ஒன்றே. 2024ஆம் ஆண்டு முடிவதற்குள் 10 லட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாகக் கென்ய வனவிலங்குத் துறை அந்த ஆண்டில் அறிவித்தது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நஞ்சும் மெதுவாக வேலை செய்யும் வகையே. தின்ற இடத்திலேயே ஒரு காகம் விழுந்து இறந்தால் கூட்டத்தில் மற்றவை அந்த உணவைத் தொடமாட்டா. பல மணி நேரம் கழித்து, அடையும் மரத்துக்குத் திரும்பிய பிறகு இறந்தால், மறுநாள் காலையிலும் அவை அதே இறைச்சித் துண்டுக்கு வரும்.